கணினிக்குச் சாதி தெரியாது என்பவர்களுக்கு

கார்ப்பரேட் உலகின் இன்றைய மந்திரச் சொல் 'டிஜிட்டல் டிரான்ஸ்பர்மேஷன்'. ஆளெடுப்பு, வருகைப் பதிவு, பதவி உயர்வு என எல்லாவற்றையும் மென்பொருளிடம் ஒப்படைப்பதுதான் அது. இந்த மாற்றத்துக்குத் தலைமை தாங்குகிறவர்கள் ஒன்றை அடித்துச் சொல்கிறார்கள்: பாரபட்சம் மனிதர்களுக்குத்தான் உண்டு, கணினிக்குச் சாதி தெரியாது.

தெரியாதுதான். அதற்குப் பாடம் எடுப்பவர்களுக்குத் தெரியுமே!

ஆளெடுக்கும் மென்பொருள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. நிறுவனம் இதுவரை யாரை எடுத்தது, யாரை ஒதுக்கியது என்ற பழைய தரவுகளைத் தின்றுதான் வளர்கிறது. அமேசான் பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அப்படியொரு மென்பொருளைப் பழக்கியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் 'பெண்கள்' என்ற சொல் வரும் விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்தது. கடைசியில் அதைக் கைவிட்டார்கள். 2018-இல் செய்தி வெளியே வந்தது. பெண்களை ஒதுக்கு என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. பழைய ஆளெடுப்பே சொல்லித் தந்துவிட்டது.

சரி, இந்திய நிறுவனங்களின் பழைய ஆளெடுப்பு எப்படி இருந்தது? சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு, சமமான தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பற்றிய ஆய்வொன்று 2012-இல் வந்தது. இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு.

இந்தத் தரவை ஊட்டி வளர்த்தால் மென்பொருள் எதைக் கற்கும்? பெயரை மறைத்துவிட்டோம் என்பார்கள். சொந்த ஊர், படித்த கல்லூரி, தமிழ்வழிக் கல்வி, குடும்பச் சூழலால் படிப்பில் விழுந்த இடைவெளி என்று சாதி நுழைய எத்தனையோ வாசல்கள் உண்டு. முன்பாவது 'ஏன் என்னை எடுக்கவில்லை?' என்று கேட்க ஒரு மேலாளர் இருந்தார். இனி 'சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு' என்ற பதிலோடு கதை முடிந்துவிடும்.

ஆய்வுக்காக நான் சென்ற ஒரு நிறுவனத்தில், புதிய மென்பொருளைப் பெருமையோடு திறந்து காட்டினார்கள். ஒவ்வோர் ஊழியருக்கும் பயிற்சி, அடுத்த பதவி, வளர்ச்சிப் பாதை எல்லாம் இருந்தன. கழிவறை கழுவும் பெண்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் அவர்களுக்கும் தொழில்நுட்பம் வந்திருந்தது: முகம் காட்டிப் பதியும் வருகைக் கருவி. தாமதமானால் கூலி பிடிக்கப்படும். "இவங்ககிட்ட கருத்து கேட்டீங்களா?" என்றேன். "அவங்க வெண்டார் ஸ்டாஃப், மேடம்" என்று பதில் வந்தது. ஒருவருக்கு ஏணியாகும் தொழில்நுட்பம் இன்னொருவருக்குக் கங்காணியாகிறது. யாருக்கு எது என்பதை முடிவு செய்வது எது? தகுதிதான் என்று நம்பச் சொல்கிறார்கள்.

சாதியைப் பேசினால்தான் சாதி வளரும் என்பது அடுத்த வாதம். பேசாமல் இருந்ததால் எங்கே அது செத்தது? கடல் கடந்து சிலிக்கான் பள்ளத்தாக்கு வரைக்கும் போயிருக்கிறது. தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கலிபோர்னியா அரசுத் துறை 2020-இல் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை அத்துறை 2023-இல் திரும்பப் பெற்றது; நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. ஆப்பிளும் ஐபிஎம்மும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் 'சாதி' என்ற சொல்லையே சேர்த்தன. அமெரிக்க நிறுவனங்கள் எழுதத் துணிந்த சொல்லை இங்கே உச்சரிக்கக்கூடக் கூச்சமா?

அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவு அரசுப் பணிகளுக்குத்தான் பொருந்தும் என்பதையே வேலியாக்கிக்கொண்டு நிற்கிறது தனியார் துறை. அந்த வேலியை உடைக்கும் தனியார்துறை இட ஒதுக்கீடு நம் நீண்டகாலக் கோரிக்கை. அதுவரை காத்திருக்காமல் இன்றே கேட்க வேண்டியவையும் உண்டு. இயக்குநர் முதல் ஒப்பந்தத் தொழிலாளர் வரை, எந்தப் படிநிலையில் எந்தச் சமூகம் எத்தனை பேர் என்று நிறுவனங்கள் வெளியிட வேண்டும். தோரட் செய்ததைப் போலப் பெயரையும் ஊரையும் மாற்றிச் சோதிக்காமல் எந்தத் தேர்வு மென்பொருளையும் பயன்படுத்தக் கூடாது. மென்பொருள் ஒருவரை நிராகரித்தால், காரணத்தைச் சொல்லவும் மறுபரிசீலனை செய்யவும் பொறுப்புள்ள ஒரு மனிதர் இருக்க வேண்டும். கருவி யார் மேல் பாயப்போகிறதோ, அவர்கள் முடிவெடுக்கும் மேசையில் உட்கார வேண்டும்.

தோழர்களே, இந்த மென்பொருள்களை எழுதுகிறவர்களும் சோதிக்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் 'மாற்றம், மாற்றம்' என்று மேலாளர் முழங்கும்போது, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று பாருங்கள். அதில் மாறாதது எது என்று உரக்கக் கேளுங்கள்.