துண்டு போட்டுப் பார்த்தால் படம் தெரியாது

2022 ஜூலையில் 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த பின்னணிப் பாடகி விருது பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. இருளர் சமூகத்தவரான அவர், சச்சி இயக்கிய ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) படத்துக்காகத் தம் தாய்மொழியிலேயே பாடியிருந்தார். அறிவிப்பு வந்த கையோடு எதிர்ப்பும் கிளம்பியது. முறைப்படி இசை பயிலாதவர், கொடுத்த சுருதியில் நின்று பாடப் பழகாதவர், ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவர்களைத் தாண்டி விருது பெறலாமா என்று சிலர் கேட்டார்கள். இசைத்துறையிலேயே பலர் அவருக்குத் துணையாகப் பேசினார்கள். சர்ச்சை சில நாட்களில் ஓய்ந்தது. ஆனால் அதன் அடியில் இருந்த கேள்வி இன்னும் ஓயவில்லை. ஒரு குரலை அது ஒலிக்கும் காட்சியிலிருந்தும், மொழியிலிருந்தும், மலையிலிருந்தும் பிரித்தெடுத்துத் தனியே எடைபோட முடியுமா? முடியாது என்பதே என் வாதம். குரலுக்குப் பொருந்துவது சினிமா முழுமைக்கும் பொருந்தும். படத்தைக் கதை, ஒளிப்பதிவு, இசை, நடிப்பு எனக் கூறுபோட்டு மதிப்பெண் இடும் பழக்கம், மனித மனம் அனுபவத்தை எப்படிப் பெறுகிறது என்பதற்கே எதிரானது. கேரளமும் தமிழகமும் கலக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளைப் பற்றிய படங்களில் இது பளிச்சென்று தெரிகிறது.

நனவு என்பது புலன்கள் அனுப்பும் துணுக்குகளின் கூட்டுத்தொகை அன்று என்ற சிந்தனைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1912-இல் ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர், அசையாத இரு ஒளிக்கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினால் மனம் ஒரே அசைவைக் காண்கிறது என்று சோதனை செய்து காட்டினார். அந்த அசைவு முதல் கோட்டிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. சினிமா பேசாப் படமாக இருந்த 1916-இலேயே உளவியலாளர் ஹூகோ முன்ஸ்டர்பெர்க், நம் கவனமும் நினைவும் கற்பனையும் இயங்கும் விதத்திலேயே திரைப்படம் உலகை அமைத்துக் காட்டுகிறது என்று தனி நூலே எழுதினார். 1945-இல் பாரிஸ் திரைப்படக் கல்லூரியில் உரையாற்றிய தத்துவவாதி மெர்லோ-போந்தி, படம் என்பது பிம்பங்களைக் கூட்டி வரும் தொகை அல்ல, காலத்தில் விரியும் ஒரே வடிவம் என்று வாதிட்டார். மனம் உடலோடும் உடல் சூழலோடும் பிணைந்தே உலகை அறிகிறது என்பதே அவருடைய அடிப்படைக் கருத்து.

இந்தச் சிந்தனைக்கு மேற்கிலிருந்து மட்டுமே சான்று தேட வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் அக வாழ்க்கையை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, உணவு, தொழில், பறை போன்றவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல் போன்ற மனநிலைகள் உரிப்பொருள். காதலின் நிலைகளைப் பேச வந்த நூல் நிலத்துக்கும் நேரத்துக்கும் ‘முதல்’ என்று பெயரிட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். பிரிவுத்துயர் தலைவியின் நெஞ்சில் மட்டும் நடப்பதில்லை. வேனிலும் நண்பகலும் வறண்ட வழியும் சேர்ந்துதான் அந்தத் துயர் உருவாகிறது. கவிதைக்கான இலக்கணமாக மட்டும் நாம் பாடம் நடத்தும் திணைக்கோட்பாடு, உண்மையில் மனித அனுபவத்தின் முழுமை பற்றிய கோட்பாடு. சினிமாவைப் படிக்க நமக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தை இந்தக் கருவியால் அணுகிப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் கேரள சர்வதேச திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2023 ஜனவரியில் திரையரங்குக்கு வந்து, சிறந்த படத்துக்கான கேரள மாநில விருதையும் பெற்ற படம் இது. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிக் குழுவில் ஜேம்ஸ் என்பவர், மதிய உறக்கத்திலிருந்து விழித்து வண்டியை நிறுத்தச் சொல்கிறார். வயலுக்குள் இறங்கி நடந்து ஒரு தமிழ்ச் சிற்றூருக்குள் நுழைகிறார். ஈராண்டுக்கு முன் காணாமல்போன சுந்தரமாக அங்கே வாழத் தொடங்குகிறார். இந்த மாற்றத்தை விளக்க, பின்கதையோ கனவுக் காட்சியோ மருத்துவர் வசனமோ படத்தில் இல்லை. ஜேம்ஸாக நடிக்கும் மம்மூட்டி லுங்கிக்கு மாறுகிறார், மாட்டுக்குத் தீனி வைக்கிறார், தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருக்கும் சுந்தரத்தின் பார்வையற்ற தாயிடம் பேசுகிறார். தமிழ் அவர் நாவில் தயக்கமின்றி வருகிறது. பெரும்பாலும் அசையாமல் நிற்கும் தேனி ஈஸ்வரின் கேமரா, அந்த மனிதரை வாசலும் திண்ணையும் தெருவும் சூழவே காட்டுகிறது. பின்னணி இசை இருக்க வேண்டிய இடத்தில் பழைய தமிழ்ப் படப் பாடல்களும் வசனங்களும் ஊர் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கின்றன. உடை, நடை, ஒலி, மொழி, வெயில் எல்லாம் சேர்ந்தே ‘சுந்தரம்’ என்ற நனவு உருவாகிறது. நண்பகலும் பிரிவும் பாலைத்திணைக்கு உரியவை. இந்தப் படத்தில் அந்த மாற்றம் தொடங்குவதும் முடிவதும் மதிய உறக்கத்தில்தான். இதில் ஒளிப்பதிவுக்கு இத்தனை, நடிப்புக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டால் கையில் எண்கள் மிஞ்சும், படம் நழுவிவிடும்.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இதே உண்மையை உழைப்பின் பக்கமிருந்து சொல்கிறது. அதற்கும் தேனி ஈஸ்வர்தான் ஒளிப்பதிவு. இசையமைத்த இளையராஜா அந்த மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலிருந்து தேனிப் பக்கத்துச் சமவெளிக்கு மூட்டை சுமந்து இறங்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகத் துண்டு நிலம் வாங்க ஆசை. அதற்கான நம்பிக்கையாக அவர் வைத்திருந்த ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு, கிழிந்து, பள்ளமெங்கும் காய்கள் சிதறும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் நீண்ட வசனம் பேசுவதில்லை. அதற்கு முன் ஒற்றையடிப் பாதையில் அவரோடு பார்வையாளரும் மூச்சிரைக்க ஏறி இறங்கியிருக்கிறார். சரிவின் செங்குத்தை உடல் அறிந்திருக்கிறது. அதனால்தான் உருளும் மூட்டை நெஞ்சில் வந்து விழுகிறது. பின்பு கிடைத்த நிலமும் கைவிட்டுப் போய், அங்கே எழுந்த காற்றாலைக்கே காவலாளியாக அவர் அமர்ந்திருக்கும் இறுதிக் காட்சியில், கேமரா விலகி மேலே எழும்ப எழும்ப ஒரு தனிமனிதனின் தோல்வி ஒரு நிலப்பரப்பின் வரலாறாக விரிகிறது.

முழுமை முழுமை என்று பேசினால் தொழிலைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படத்தொகுப்பையும் ஒலிப்பதிவையும் தனித்தனியே பயிலாமல் யாரும் கலைஞராக முடியாது. நான் மாற்றச் சொல்வது வரிசையை. அனுபவத்திலிருந்து புறப்பட்டு, அதை உண்டாக்கிய உறுப்புகளுக்கு இறங்கி, மறுபடி அனுபவத்துக்கே திரும்ப வேண்டும். இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. நரம்பியல் அறிஞர் ஊரி ஹாசன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஹிட்ச்காக்கின் ஒரு தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்தவர்களின் மூளைப்புறணியில் சுமார் 65 விழுக்காடு பகுதி ஒருவருக்கொருவர் ஒத்து இயங்கியது. பூங்கா ஒன்றில் எந்த அமைப்பும் இல்லாமல் எடுத்த காணொளிக்கு அந்த ஒப்புமை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டிலும் பிம்பமும் அசைவும் மனிதர்களும் உண்டு. வேறுபாடு, அவை இணைக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. அந்த இணைப்பே பாடத்தின் மையமாக வேண்டும்.

இது அறிவியல் வேடம் போட்ட ஆன்மிகம் என்ற ஐயமும் எழலாம். நனவைப் பற்றிய முழுமைவாதக் கோட்பாடுகளில் இன்று அதிகம் பேசப்படுவது, ஜூலியோ டொனோனி 2004-இல் முன்வைத்த ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு. அதைப் போலி அறிவியல் என்று சாடி 2023-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்டார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அதன் தீர்ப்பை நம்பி என் வாதம் நிற்கவுமில்லை. விழித்திருக்கும் ஒருவருக்கு வெயிலும் பாட்டும் பசியும் நினைவும் ஒரே அனுபவமாகவே கிடைக்கின்றன என்பதைப் பெரும்பாலோர் மறுப்பதில்லை. அந்த ஒருமை எப்படி விளைகிறது என்பதில்தான் சண்டை. இன்னொரு பக்கம், ஒவ்வொருவர் அனுபவமும் வேறு, இதில் பொதுவாக எதைப் படிப்பது என்பார்கள். லிஜோ படத்தில் கசியும் பாடல்கள் கம்பத்துக்காரருக்கு ஊர் நினைவையும் மூவாற்றுப்புழைக்காரருக்கு அயல்மொழி ஓசையையும் தருவது உண்மையே. பார்ப்பவரின் நினைவும் படத்தின் ஓர் உறுப்பு என்பதற்கு இதுவே ஆதாரம். அந்த வேறுபாட்டையும் பாடமாக்க வேண்டும். தேயிலையும் ஏலமும் காற்றாலையும் வந்துவிட்ட மண்ணில் குறிஞ்சி, பாலை என்று பேசுவது பழம்பெருமை ஆகாதா என்றால், திணைகள் மயங்கும் என்பதை இலக்கணம் அன்றே ஏற்றுக்கொண்டது. குறிஞ்சி நிலத்தில் தோட்டக்கூலியின் பிரிவைப் பேச அதில் இடமிருக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? திரைப்படக் கல்லூரிகள் மாணவர்களை ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு என்று பிரிக்கும் முன், அவர்களைக் கூட்டாக ஓர் ஊரில் தங்கவைக்க வேண்டும். போடிமெட்டிலோ, வட்டவடையிலோ, வேலந்தாவளத்திலோ எந்த நேரத்தில் எந்த ஒலி எழுகிறது, யார் எந்த வேலைக்கு எந்த மொழி பேசிக்கொண்டு போகிறார்கள் என்று அவர்கள் பதிவு செய்யட்டும். காட்சிப் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும். கட்டப்பனை, கம்பம், சித்தூர், பொள்ளாச்சித் திரைப்படச் சங்கங்கள் ஒரே படத்தை இருமொழிப் பார்வையாளர்களோடு திரையிட்டு விவாதிக்கலாம். விமர்சகர்கள் நட்சத்திரக் கணக்கைக் கைவிட்டு, படம் தங்களுக்குள் என்ன நிகழ்த்தியது, எதனால் நிகழ்த்தியது என்று எழுதலாம். பிரியநந்தனன் அட்டப்பாடிப் பழங்குடியினரையே நடிக்கவைத்து இருளர் மொழியில் எடுத்த ‘தபாரி குருவி’ போன்ற முயற்சிகளை, அபூர்வம் என்று பாராட்டி ஒதுக்கிவிடாமல் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

இதில் கலை மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. மூணாறு தேயிலைச் சரிவும் பாலக்காட்டு வயலும் எத்தனையோ படங்களில் பாட்டுக்கான பச்சைத் திரையாக வந்து போயிருக்கின்றன. நிலத்தைப் பின்னணி ஆக்கும் சினிமா, அந்த நிலத்தில் கொழுந்து கிள்ளுபவரையும் மூட்டை சுமப்பவரையும் கூடவே பின்னணி ஆக்கிவிடுகிறது. அனுபவத்தின் முழுமையிலிருந்து தொடங்கும் இயக்குநருக்கு அந்த வசதி கிடையாது. மலையைக் காட்ட வேண்டுமானால் அவர் அதில் ஏறுபவரின் மூச்சையும் காட்டியாக வேண்டும். எல்லைக்கு இருபுறமும் இரண்டு மொழிகளில் யோசித்து வாழும் மக்கள் தங்களைத் திரையில் முழுதாகக் காண வேண்டுமென்றால், படம் எடுப்பவர்களும் படிப்பவர்களும் விருது கொடுப்பவர்களும் முதலில் படத்தை முழுதாகப் பார்க்கப் பழக வேண்டும்.