அப்டேட் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது? ‘லோகோவிலேயே நிக்கும்’ போன்களும் திறக்காத பூட்டும்

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் போய் “அப்டேட் போட்டேன் அண்ணே, அதுக்கப்புறம் லோகோவிலேயே நிக்குது” என்று போனை நீட்டிப் பாருங்கள். “சாஃப்ட்வேர் போடணும்” என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அந்தச் ‘சாஃப்ட்வேர்’ எங்கிருந்து வருகிறது? நிறுவனம் அனுப்பும் அப்டேட் ஃபைலையே எடுத்து போட்டுவிட முடியாதா?

இந்தக் கேள்வி இந்தியாவில் பெரிதாக எழுந்தது 2021 ஜனவரியில். 2019 ஆகஸ்டில் இங்கே விற்பனைக்கு வந்த ஷாவ்மி மி ஏ3 போனுக்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்தது. அதை ஏற்றிய பலருக்குப் போன் மறுபடி ஆன் ஆகவே இல்லை. கடைக்காரர்கள் மொழியில் ‘டெட்’. நிறுவனம் அப்டேட்டை நிறுத்தியது. வாரன்ட்டி முடிந்திருந்தாலும் சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. சாதாரண அப்டேட்தான், உரிமையாளர் தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனால் உள்ளே இருந்த படங்களுக்கும் தொடர்பு எண்களுக்கும் யார் பொறுப்பு?

அந்த ஃபைல் ஒரு ஜிப். மி ஏ3 மாதிரியான போன்களில் அதைத் திறந்தால் முக்கியமாக ஒரே ஒரு பெரிய ஃபைல் இருக்கும்: பேலோட்.பின். ஆண்ட்ராய்டு 7 காலத்தில், அதாவது 2016இல் வந்த முறை இது. போனின் சேமிப்பில் ‘ஏ’, ‘பி’ என இரண்டு அறைகள். ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புது வெர்ஷன் எழுதப்படும். புதியது எழும்பவில்லை என்றால் பழைய அறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மி ஏ3 விஷயத்தில் அந்த ஏற்பாடும் கைகொடுக்கவில்லை.

இதற்கு முந்தைய முறையைப் பார்த்தால் விஷயம் இன்னும் எளிதாகப் புரியும். ஆண்ட்ராய்டு 5இல் (2014) தொடங்கி, சிஸ்டம் முழுவதையும் 4,096 பைட் அளவுள்ள சின்னச் சின்ன பிளாக்குகளாக நறுக்கி அனுப்ப ஆரம்பித்தார்கள். 4 ஜிபி சிஸ்டம் என்றால் 10,48,576 பிளாக்குகள். இதில் காலியாக இருப்பதை எதற்கு அனுப்ப வேண்டும்? டேட்டா உள்ள பிளாக்குகளை மட்டும் வரிசையாக ஒட்டி ‘சிஸ்டம்.நியூ.டேட்’ என்று ஒரு ஃபைல். எந்தத் துண்டு எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்ல ‘டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்’ என்று இன்னொரு ஃபைல். நாஞ்சில் நாட்டு வயலுக்குச் சர்வே நம்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பட்டியல் இல்லாமல் மண்ணை மட்டும் அள்ளிக் கொடுத்தால் எது யார் வயல் என்று தெரியாது.

அந்தப் பட்டியலில் “நியூ 4,0,100,200,300” என்று ஒரு வரி இருந்தால், முதல் 4, பின்னால் நான்கு எண்கள் வருகின்றன என்பதற்கு. 0 முதல் 99 வரையிலான பிளாக்குகளிலும், 200 முதல் 299 வரையிலான பிளாக்குகளிலும் டேட்டாவை எழுது என்று அர்த்தம். நடுவில் உள்ள 100 பிளாக்கை இந்த வரி தொடாது. பிற்பாடு கூகுளின் புரோட்லி முறையில் டேட் ஃபைலை இன்னும் சுருக்கி, பெயருக்குப் பின்னால் ‘.பிஆர்’ சேர்த்தார்கள்.

ஆக, இமேஜாக மாற்றுவது என்பது இதைத் திருப்பிச் செய்வதுதான். முதலில் புரோட்லி சுருக்கத்தை அவிழ்க்க வேண்டும். பிறகு சிடேட்2இமேஜ் போன்ற இலவச பைத்தான் ஸ்கிரிப்ட், பட்டியலைப் படித்து ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்தில் வைத்து சிஸ்டம்.இமேஜ் ஃபைலை உருவாக்கும். பேலோட்.பின் என்றால் பேலோட் டம்பர் கருவிகள். லினக்ஸ் கம்ப்யூட்டரில் கிடைத்த இமேஜை பென் டிரைவ் மாதிரி மவுன்ட் செய்து, நிறுவனம் முன்கூட்டியே திணித்துவைத்த ஆப்கள் என்னென்ன என்று பார்க்கலாம். புதிய போன்கள் சிலவற்றில் உள்ளே இருப்பது இஆர்ஓஎஃப்எஸ் வகை. அதற்குப் புதிய கெர்னல் வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 300 எம்பி, 500 எம்பி என்று மாதாமாதம் வருவது பெரும்பாலும் இன்கிரிமென்டல் அப்டேட். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் அதில் இருக்கும். அதை மட்டும் வைத்து முழு இமேஜ் எடுக்க முடியாது. ‘ஃபுல்’ பேக்கேஜ் வேண்டும். அரை நாள் மெனக்கெட்டுத் தோற்பவர்களில் நிறையப் பேர் இடறுவது இங்கேதான்.

சரி, இமேஜ் கிடைத்துவிட்டது. செத்த போனில் போட்டுவிடலாமா? பிரச்சினையின் வேர் இங்கேதான். முழுக்க டெட் ஆன குவால்காம் போனை எழுப்ப இடிஎல் என்ற அவசர மோடு இருக்கிறது. ஷாவ்மியின் பல மாடல்களில் அதைப் பயன்படுத்த, நிறுவனம் அனுமதித்த அக்கவுன்ட் வேண்டும். தக்கலையில் கடை வைத்திருப்பவரிடம் சரியான ஃபைல் இருக்கும், கேபிள் இருக்கும், கைப்பழக்கமும் இருக்கும், சாவிதான் இல்லை. திருட்டுப் போனை அழித்து விற்பதைத் தடுக்க இந்தப் பூட்டு தேவை என்பது நிறுவனங்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பில் கையில் உள்ள உரிமையாளரும் அதே பூட்டுக்கு முன்னால்தான் நிற்கிறார்.

ஃபைலே கிடைக்காமல் போவதும் உண்டு. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்குக் கூகுள் ஒரு கட்டாய பேட்டரி அப்டேட் அனுப்பியது. பல போன்களில் சார்ஜ் நிற்கும் நேரம் கடுமையாகக் குறைந்தது. பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம் என்று போனவர்களுக்கு ஏமாற்றம்: அந்த மாடலின் முந்தைய இமேஜ்களைக் கூகுள் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தது. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்களிடம் மட்டும்தான் பிரதி இருந்தது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுபார்க்க எளிதா என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்கான நிபுணர் குழு அறிக்கை 2025 மே மாதம் வந்தது. அதன் அளவுகோல்களில் உதிரிபாகங்களோடு சாஃப்ட்வேர் அப்டேட்டும் இடம்பெறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விதியே இருக்கிறது: ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தர வேண்டும்.

நீங்களே முயன்று பார்ப்பதாக இருந்தால், இமேஜைத் திறந்து பார்ப்பதில் போனுக்கு ஆபத்து எதுவும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் நடப்பது. மாற்றி எழுதி போனில் ஏற்றும்போதுதான் சிக்கல். பூட்லோடரைத் திறந்தாலே போனில் உள்ள டேட்டா முழுவதும் அழியும். அதன்பின் பேங்க் ஆப்களும் யுபிஐ ஆப்களும் ஓட மறுக்கலாம். டெலிகிராம் குரூப்பில் யாரோ போட்ட இமேஜை நம்புவதைவிட, நிறுவனத் தளத்தில் கிடைக்கும் ஃபுல் பேக்கேஜை இறக்கி, அங்கே கொடுத்திருக்கும் ஹாஷ் எண்ணோடு ஒத்துப் பார்த்து, நீங்களே பிரித்துக்கொள்வது நல்லது. அந்தப் பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.