இரண்டாம் சீருடை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் சீமைக்கருவேலம். வானம் பார்த்த இந்தப் பூமிக்கு, நாற்பதை எட்டும் முன்பே ஓய்வூதியத்துடன் திரும்பிவரும் சிப்பாயைப் படை மீண்டும் அழைக்கிறது. ராணுவக் கிடங்குகளைக் காக்க 1947இல் தொடங்கப்பட்ட டி.எஸ்.சி. என்னும் காவற்படை, முன்னாள் படைவீரர்களைக் கொண்டே இயங்குகிறது. அதன் மையம் கண்ணூரில் உள்ளது.

இதனை நாட்டுப்பற்று என்று மட்டும் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. மழை பொய்க்காத ஊரில் அது விருப்பம், இங்கே பிழைப்பு. பிழைப்புக்காகக் கையெழுத்திடுபவருக்குப் புகழ்ச்சியைவிடக் கணக்கே தேவை. முதல் ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்காமல் சேர்பவர், இரண்டாவதைப் பெற அங்கே 15 ஆண்டுகள் பணியாற்றவேண்டும். சில மாதங்கள் குறைந்தமையால் அது மறுக்கப்பட்டு, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படியேறியவர்கள் உண்டு. ஆகவே, ஆளெடுப்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது சம்பளத்தைப் பற்றியன்று. வயது வரம்புக்குள் அந்த 15 ஆண்டுகள் நிறைவுறுமா என்பதையே.

2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சேர்பவர்களில் முக்கால்வாசிப்பேர் நான்காண்டுகளில் ஓய்வூதியமின்றி வெளியேற வேண்டியவர்கள். சிறிய ஓய்வூதியமேனும் உள்ளவரால் ஓர் அழைப்பை மறுக்க முடியும். அதுவும் இல்லாமல் இக்காட்டுக்குத் திரும்பும் இளைஞர் எதை மறுப்பார்?