ஆறு கேட்கும் கணக்கு

ஆறு என்றதும் நம் கண்முன் வருவது நீர்தான். ஆனால் நீரோடு சேர்ந்து மண்ணும் பயணம் செய்கிறது. வளைவின் வெளிக்கரையில் நீர் விரைந்தோடி மண்ணை அரிக்கிறது. உட்கரையில் வேகம் தணிந்து மணல் திட்டாகப் படிகிறது. ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் கொடுப்பதே ஆற்றின் இயல்பு. தஞ்சைச் சமவெளியே காவிரி அப்படிக் கொடுத்த வண்டல் அல்லவா?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்திற்குச் சரிவு அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தரை மணலால் மேடாக, நீர் கொள்ளிடம் பக்கமே பாய்ந்தது. தஞ்சை வயல்கள் தவித்தன. எனவே 1830-களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார்.

இன்றோ கவலை வேறு. கொள்ளிடத்தின் தரை தாழ்ந்துகொண்டே போகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, மேலிருந்து வரும் வண்டலின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. எஞ்சிய மணலை நாம் லாரி லாரியாக அள்ளினோம். வரவு குறைந்து செலவு கூடினால் எந்தக் குடும்பம் நிலைக்கும்? மண் சுமை குறைந்த வெள்ளம் தன் தரையையே அரிக்கிறது. தூண்களின் அடிமண்ணையும் விட்டுவைப்பதில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928-இல் கட்டப்பட்ட கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சில நாட்களில், ஆகஸ்ட் 22 அன்று, மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கட்டுமானத்தின் வயதும் வெள்ளத்தின் வேகமும் காரணம் என்றனர் சிலர். மணல் கொள்ளையே காரணம் என்றனர் விவசாயிகள். பழைய கட்டுமானம் என்பது உண்மையே. ஆயினும் அடிமண் இழந்த ஆற்றில் புதிய கட்டுமானமும் பாதுகாப்பாக இருக்க முடியாது.

மணல் அள்ளியவர்களை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியுமா? நம் வீடுகளும் கல்யாண மண்டபங்களும் அந்த மணலில்தானே எழுந்தன! மாற்றாக வந்துள்ள எம்-சாண்டும் மலையை உடைத்தே கிடைக்கிறது. ஆகவே தேவைக்கு மேல் கட்டாதிருப்பதே முதல் தீர்வு. அடுத்தது, நம் ஊர் ஆற்றில் எவ்வளவு மணல் அள்ளப்படுகிறது, யார் அளக்கிறார்கள் என்று கிராம சபையில் எழுந்து கேட்பது. நாம் கேட்கத் தவறினால், அடுத்த வெள்ளத்தில் ஆறே வந்து கணக்குக் கேட்கும்.