ஆலைக்குள் பழகட்டும்



பத்தாம் வகுப்பு முடித்தவனை ஃபிட்டர் பிரிவில் சேர்க்கச் சொன்னால், "ஸ்பேனர் பிடிக்கவா படிக்க வைத்தோம்?" என்கிறார்கள் எங்கள் ஊரில். தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் அது இரண்டு வருடப் படிப்பு. அரம் பிடித்து இரும்பைச் சமமாக்குவதில் தொடங்கும். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்கியிருக்கிறது. ரோபோவும் கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரமும் வரட்டும், நல்லதுதான். ஆனால் பேரிங் தேய்வதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்க, ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பழக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தொழில் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். சிறியவை விரும்பினால் எடுக்கலாம். செங்கோட்டை மர அறுவை மில்களும் ராஜபாளையம் நூற்பாலைகளும் புளியறைப் பிள்ளைகளைக் கூப்பிடட்டும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

– ஒரு வாசகர், புளியறை