வில்லும் வேலியும்: எல்க் வேட்டையின் அறம் குறித்துச் சில கேள்விகள்

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் செப்டம்பர் மாதம் எல்க் மான்கள் இணைசேரும் பருவமாகும். 300 கிலோவுக்கும் மேல் எடை கொண்ட ஆண் மான், குழல் ஊதுவதைப் போன்ற நீண்ட ஒலியெழுப்பிப் பெண் மான்களைத் தன்பக்கம் திரட்டுகிறது. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் வில்வேட்டைக்கான பருவமும் இதே மாதத்தில் அமைகிறது. வேட்டையாடுபவர் பெண் மானின் குரலையோ போட்டியிடும் ஆணின் குரலையோ போலச் செய்து, மானை 30, 40 மீட்டர் தொலைவுக்குள் வரவழைத்து அம்பெய்கிறார். இறைச்சியைவிடக் கொம்பின் அளவே முதன்மையாகும்போது அது டிராஃபி வேட்டை ஆகிறது. அது தனியார் பண்ணையில் பெருந்தொகைக்கு நடக்கும்போது சர்ச்சை எழுகிறது.

இச்சர்ச்சை பெரும்பாலும் வில்லைச் சுற்றியே சுழல்கிறது. துப்பாக்கியைவிட வில் நேர்மையானதா, கொடியதா என்பதே வாதம். காட்டுயிர் வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரிதும் தடைசெய்துவிட்ட இந்தியாவிலிருந்து நோக்குவோருக்கு, கொல்வதே தவறு என்ற ஒற்றை வரியில் விவாதம் முடிந்துவிட்டதாகத் தோன்றக்கூடும். அந்நிலைப்பாட்டுக்கு உரிய மதிப்பு உண்டு. எனினும், அமெரிக்க வேட்டை மரபு எந்த அளவுகோலால் தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறதோ அதே அளவுகோலால் அதை அளந்து பார்ப்பது கூடுதல் பயன் தரும். அவ்வாறு அளக்கும்போது, வில்லைக் காட்டிலும் வேலியே பெரிய கேள்வியாக எழுந்து நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சந்தை வேட்டை எல்க் மான்களை ஏறக்குறைய அழித்துவிட்டது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஞ்சியவை ஒரு லட்சத்துக்கும் குறைவு. இன்று வட அமெரிக்காவில் அவற்றின் தொகை சுமார் 10 லட்சம். இந்த மீட்சிக்குப் பின்னால் சில சட்டங்கள் உள்ளன. வேட்டைப்பொருள் வணிகத்துக்குக் கடிவாளமிட்ட 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் ஒன்று. துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் மற்றொன்று. வில், அம்பு மீதான வரி பின்னர் இதில் சேர்ந்தது. இவற்றுக்கு அடித்தளமாக ஒரு கோட்பாடு உண்டு: காட்டுயிர் எவருடைய தனிச்சொத்தும் அன்று, மக்களின் சார்பில் அரசு அதற்கு அறங்காவலர். 1842, 1896ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இக்கருத்து உருப்பெற்றது. 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு 1979இல் மாற்றப்பட்ட பிறகும் மாநிலச் சட்டங்களில் இது உயிரோடிருக்கிறது. நிலவுடைமையாளரே வேட்டைக்கு உரியவர் என்ற ஆங்கிலேயப் பிரபுத்துவ மரபுக்கு மாற்றாகவே அமெரிக்கர் இதைப் பெருமையுடன் முன்வைத்தனர்.

வில்வேட்டையின் மரபுக்கும் ஒரு வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவில் குடியேறியவர்களின் வன்முறையால் அழிக்கப்பட்ட யாஹி மக்களில் எஞ்சியவராக அறியப்பட்ட இஷி, 1911இல் வெளியுலகுக்கு வந்தார். 1916இல் இறக்கும்வரை பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப். அவருடைய பெயரையும் ஆர்தர் யங்கின் பெயரையும் தாங்கி 1961இல் தோன்றிய போப் அண்ட் யங் கிளப், வில்லால் வீழ்த்தப்பட்ட விலங்குகளின் கொம்பளவுகளைப் பதிவுசெய்துவருகிறது. உணவுக்காக வேட்டையாடிய ஒருவரின் கலை, அங்குலக் கணக்கில் மதிப்பெண் பெறும் போட்டியாக மாறியது எவ்வாறு என்பது மானுடவியலாளர் ஆராய வேண்டிய கதை.

வில்லின் நேர்மை அதன் குறைபாட்டிலிருந்து பிறக்கிறது. குறைந்த தொலைவு, ஒரே அம்பு, மான் தப்பிச் செல்லப் போதிய வாய்ப்பு ஆகியவையே 'நியாயமான துரத்தல்' என்று வேட்டையாடுவோர் கூறும் அறத்தின் உள்ளடக்கம். ஆனால் அம்பு கொல்வது குருதிப்போக்கால். நுரையீரலில் பாய்ந்தால் மான் விரைவில் வீழும்; குடலில் பாய்ந்தால் பல மணி நேரம் வதைபட்டு, பல வேளை எவர் கண்ணிலும் படாமல் மடியும். எனவே வில்வேட்டையின் அறம் முழுவதும், எய்யாமல் திரும்பும் மன உறுதியைச் சார்ந்தே நிற்கிறது. கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில் எட்டும் தூரத்தை நீட்டித்ததன் மூலம் இவ்வுறுதிக்கு ஒரு சோதனை வைத்தது. தனியார் பண்ணை வைக்கும் சோதனை இதனினும் கடினமானது. ஐந்தாறு நாள்களுக்குப் பல்லாயிரம் டாலர் செலுத்திய வாடிக்கையாளருக்கு, கடைசி மாலையில் மரக்கிளைகளுக்கிடையே அரைகுறையாகத் தெரியும் பெரிய கொம்பை விட்டுவிடுவது எளிதன்று. வழிகாட்டியின் ஊதியமும் நற்பெயரும் அந்தக் கொம்பையே சார்ந்திருக்கையில், 'வேண்டாம்' என்று சொல்ல அங்கு எவருமில்லை.

பண்ணையாளரின் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. மக்களின் சொத்தான மான், குளிர்காலத்தில் மேய்வது அவருடைய புல்வெளியில். அது வைக்கோல் போரைத் தின்கிறது, வேலியை உடைக்கிறது, யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் கால்நடைகளுக்குப் புருசெல்லா நோயையும் பரப்புகிறது. வேட்டை வருமானம் இல்லாவிடில் நிலம் மனைகளாகத் துண்டாடப்படும். பிறகு மானுக்கு வாழிடமே இராது என்கிறார் அவர். இக்கூற்றில் உண்மை உண்டு.

ஆயினும் இவ்வாதம் ஓரிடத்தில் தடுமாறுகிறது. பயிரையும் வேலியையும் அழிப்பது மந்தையின் பெருக்கம். மந்தையைக் கட்டுப்படுத்தப் பெண் மான்களின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது காட்டுயிர் மேலாண்மையின் பாலபாடம். டிராஃபி வாடிக்கையாளர் கேட்பதோ முதிர்ந்த ஆணின் கொம்பை. மேலும், வேட்டைப் பருவத்தில் பொதுநிலத்தின் நெருக்கடியிலிருந்து தப்பி, ஆள் நடமாட்டம் குறைந்த தனியார் நிலத்தில் எல்க் மான்கள் அடைக்கலம் புகுவது பலமுறை பதிவாகியுள்ளது. சில ஆண்களை மட்டும் விலைக்கு விட்டுப் பிறருக்குக் கதவை அடைக்கும் பண்ணை, மந்தை பெருகும் புகலிடமாகிறது. பின்னர் சேதத்துக்கு இழப்பீடும் கோரப்படுகிறது. நோயை வளர்த்துக்கொண்டே மருந்துக்குக் காசு கேட்பதற்கு ஒப்பானது இது.

உடைமையின் எல்லையையும் கவனிக்க வேண்டும். நியூ மெக்சிகோ, யூட்டா போன்ற மாநிலங்களில், நிலவுடைமையாளருக்கு வழங்கப்படும் வேட்டை அனுமதியைப் பிறருக்கு விற்க வழியுண்டு. நிலமற்றவரோ குலுக்கலில் காத்திருக்கிறார்; கொலராடோவின் புகழ்பெற்ற சில பகுதிகளில் இக்காத்திருப்பு 20 ஆண்டுகளையும் தாண்டுகிறது. வயோமிங்கில் 2021இல் நான்கு வேட்டைக்காரர்கள், தனியார் மண்ணில் கால் படாமல் ஓர் ஏணியின் துணையால் ஒரு பொதுநிலச் சதுரத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுநிலச் சதுரத்துக்குக் கடந்தனர். அத்துமீறல் குற்றச்சாட்டிலிருந்து 2022இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணை நிறுவனம் தொடுத்த உரிமையியல் வழக்கிலும் 2025இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. பொதுநிலத்துக்கான வழியை அடைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஆதாரமாயிற்று. பொதுநிலத்தைச் சூழ்ந்துள்ள நிலத்தை வாங்கிவிட்டால், உள்ளிருக்கும் மானையும் வாங்கியதாகிவிடும் என்ற எண்ணத்துக்கு விழுந்த அடி அது.

இவ்வெண்ணத்தின் முழு வளர்ச்சியை, உயர்ந்த வேலிக்குள் மானை வளர்த்துப் பணத்துக்கு வேட்டையாட விடும் பண்ணைகளில் காணலாம். மொன்டானா மக்கள் 2000ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் அதைத் தடைசெய்தனர். வேலிக்குள் வீழ்ந்த மானைப் பூன் அண்ட் க்ரோக்கெட் கிளப் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. 1967இல் கொலராடோவில் அடைத்துவைக்கப்பட்ட மான்களில் முதலில் கண்டறியப்பட்ட, மூளையை அரித்துக் கொல்லும் தேய்வுநோய், பண்ணை மான்களின் போக்குவரத்தால் தென்கொரியா வரை சென்றதும் இங்கு நினைவுகூரத்தக்கது. வேலிக்குள் நடப்பது தவறென வேட்டைச் சமூகமே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால், வேலி கண்ணுக்குத் தெரியாமல் விலைப்பட்டியலாக நிற்கும்போது மட்டும் அது எவ்வாறு நியாயமாகும்?

தீர்வுகள் கற்பனைக்கு எட்டாதவை அல்ல. பொது வேட்டைக்கு நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளர்களுக்கு மொன்டானா அரசு ஏற்கெனவே பணம் அளித்துவருகிறது. சேத இழப்பீட்டைப் பெண் மான் வேட்டைக்கான பொது அனுமதியோடு இணைக்கலாம். நிலவுடைமையாளரின் அனுமதியை விற்பனைக்கு உரியதல்லாததாக ஆக்கலாம். காயமுற்றுக் காணாமற்போன மானையும் வீழ்த்திய மானாகவே கணக்கிட்டால், எய்யுமுன் கை ஒருகணம் தயங்கும். இவற்றால் மானின் வலி முற்றிலும் நீங்கிவிடாது. ஆனால் அவ்வலிக்குச் சொல்லப்படும் காரணமாவது மெய்யாகும்.

கொல்லும் உரிமையை அமெரிக்க வேட்டை மரபு, விலங்கு அனைவருக்கும் பொது என்ற ஒரே வாக்குறுதியின் மீது கட்டியெழுப்பியது. அவ்வாக்குறுதியை விலைக்கு விற்றபின் எஞ்சுவது ஒரு கொம்பும் ஒரு ரசீதும் மட்டுமே.