குறிப்பேடு அந்தப் பெண்ணின் கையில்

ராஜஸ்தானில் 1981இல் மூன்று குழந்தைகள் கிணற்றில் தள்ளப்பட்டார்கள். ஒரு குழந்தை இறந்தது. அந்த வழக்கில் தண்டனை பெற்ற பெண்ணை 2018இல் அம்மாநில உயர்நீதிமன்றம் விடுவித்தது. மாதவிடாய்க்கு முந்தைய மனக்கலக்கத்தில் சுயநினைவின்றிச் செய்தார் என்ற வாதம் ஏற்கப்பட்டது. தீர்ப்பு சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. சம்பவம் நடந்த ஆண்டில் மாதவிடாய்க்கு முந்தைய மனக்கலக்கம் என்ற இந்நோய்க்கு ஏற்கப்பட்ட வரையறையே கிடையாது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேட்டில் அது 1987இல், அதுவும் பின்னிணைப்பில்தான் இடம்பெற்றது.

அப்போதே எதிர்ப்பும் கிளம்பியது. பெண்களின் நியாயமான கோபத்தை நோயாக்கிவிடுவீர்கள் என்று உளவியலாளர் பாலா கேப்ளன் வாதிட்டார். 2000இல் பழைய ஃப்ளூஆக்சடின் மருந்தே சாராஃபெம் என்ற புதுப்பெயரில் இந்நோய்க்கென்று வந்தபோது அந்தச் சந்தேகம் வலுத்தது. ஆனாலும் மாதந்தோறும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஹார்மோன் அளவு இயல்பானதுதான். அதன் ஏற்ற இறக்கத்தை மூளை தாங்கும் விதம்தான் வேறு. 2013இல் அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டி.எஸ்.எம்.-5 இந்நோயை முதன்மைப் பட்டியலில் சேர்த்தது சரியான முடிவு.

நம் சேலம் பகுதியில் ஆபத்து இன்னொரு பக்கமிருந்து வருகிறது. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மருமகளை அழைத்துவரும் மாமியார், "தூரமாவுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எரிஞ்சு எரிஞ்சு விழுவாங்க டாக்டர்" என்பார். அதை மட்டும் கேட்டு முதல் நாளே சீட்டில் நோயின் பெயரை எழுதினால், அந்தச் சீட்டு குடும்பநல நீதிமன்றம்வரை போகலாம். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மனநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. மனநோய் என்று தீர்மானித்த மாத்திரத்தில் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவராகக் கொள்ளக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வது, வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்ணுக்கு எட்டாமலே போய்விடும்.

ஆகவே, மருத்துவர்களே, இரண்டு சுழற்சிகளுக்கு அன்றாடக் குறிப்பு வேண்டும் என்ற டி.எஸ்.எம்.-5 விதியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். எழுதத் தெரியாதவரும் மாதக் காலண்டரில் குறி போட முடியும்: தூக்கம் கெட்ட நாளுக்குப் புள்ளி, அழுத நாளுக்கு வட்டம், தூரமான நாளுக்குச் சிவப்புக் கோடு. குறிப்பவர் அந்தப் பெண்ணாகவே இருக்க வேண்டும். வட்டங்கள் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் திரண்டு, அடுத்த சில நாட்களில் விட்டுப்போனால் நோய் அதுதான். மாதம் முழுக்கப் பரவியிருந்தால் மனச்சோர்வையும் தைராய்டையும் ரத்தசோகையையும் பாருங்கள். வட்டமெல்லாம் சனிக்கிழமையிலேயே விழுந்தால்? வெள்ளிப் பட்டறையில் வாரக்கூலி வாங்கிய கணவர் டாஸ்மாக் போய்விட்டு வீடு திரும்பும் இரவு அது. அதற்கு மனைவிக்கு மாத்திரை எழுதினால் கேப்ளன் அஞ்சியதை நாமே செய்தவர்களாவோம்.

மாத்திரை தேவைப்படும் பெண்ணுக்கும் அது என்னவென்று தெரிய வேண்டும். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகள் தரப்பட்டதை வெளிக்கொணர்ந்தது. உற்பத்தி நிற்கக்கூடாது என்பதே அங்கே மருத்துவமாகியிருந்தது. நோய் உறுதியானவருக்கு ஃப்ளூஆக்சடின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தைச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் கொடுத்தாலும் பலன் உண்டு. மருந்தின் பெயரையும் நாட்களையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

தற்கொலை எண்ணம் உள்ளவரை இரண்டு மாதம் காக்கவைக்காதீர்கள். சிகிச்சையை உடனே தொடங்கி, நோயின் பெயரைத் தற்காலிகமென்று குறியுங்கள். காலண்டரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நகலைக் கோப்பில் வையுங்கள். வீட்டார் யார் வந்து கேட்டாலும், அவர் சம்மதமின்றி அதைக் காட்ட வேண்டாம்.